பெரனிகே: செங்கடல் கரையின் பழைய துறைமுகம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த காலத்தில், அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ரோமக் காசுகளைப் பற்றிப் பேசாமல் ஓர் ஆண்டும் கழிந்ததில்லை. "ரோமிலிருந்து வந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். "எந்தத் துறையில ஏறி வந்துச்சு ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் தெரியவில்லை. அன்று தொடங்கியதுதான் பெரனிகேயைப் பற்றிய படிப்பு.

பிறகு நூலகக் கூட்டங்களில், உறவினர் வீட்டு விசேஷங்களில், கைபேசிக் குழுக்களில் ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே வைத்திருக்கிறேன்.

பெரனிகேங்கிறது எங்க இருக்கு? பிரமிடு பக்கமா?

இல்லை. பிரமிடுகள் வடக்கே, கெய்ரோவை ஒட்டி இருக்கின்றன. பெரனிகே எகிப்தின் தென்கிழக்கில், செங்கடல் ஓரத்தில் உள்ளது. நைல் கரையிலிருக்கும் அஸ்வானுக்கு நேர் கிழக்கே ஏறத்தாழ 260 கிலோமீட்டர். இடையில் இருப்பதெல்லாம் பாலையும் மொட்டை மலைகளும்தான். ராஸ் பனாஸ் என்ற நிலமுனை கடலுக்குள் நீண்டு வாடைக்காற்றை மறிக்கிறது. அந்த முனையின் தெற்கு மடியில்தான் ஊர்.

லிபியாவுலயும் ஒரு பெரனிகே இருக்குன்னு படிச்சேனே, அதுவா இது?

அது வேறு. இன்றைய பெங்காசி நகரத்துக்குப் பழைய பெயர் பெரனிகே; எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமியின் மனைவி பெயரால் வந்தது. நம்முடைய துறைமுகத்துக்குப் பெயர் கொடுத்தவர் இரண்டாம் தாலமியின் தாய், முதலாம் பெரனிகே. தாலமி வம்சத்தில் ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் 'செங்கடல்' என்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வறண்ட இடத்துல எதுக்காக ஊர் கட்டினாங்க? மிளகுக்காகவா?

மிளகு பின்னால் வந்தது. ஊர் பிறந்தது யானைக்காக. அலெக்சாந்தருக்குப் பின் அவருடைய பேரரசைப் பங்கிட்டுக்கொண்டவர்களில் எகிப்து தாலமிகளுக்கும், சிரியா முதல் கிழக்கே உள்ள நாடுகள் செலூக்கியர்களுக்கும் போயின. செலூக்கியர்களிடம் இந்தியப் போர் யானைகள் இருந்தன. இந்தியாவுக்குப் போகும் நிலவழியும் அவர்கள் கையில். ஆகவே இரண்டாம் தாலமி, ஆப்பிரிக்காவின் செங்கடல் கரையோரக் காடுகளில் யானை பிடிக்க ஆளனுப்பினார். பிடித்த யானைகளை இறக்கக் கி.மு. 275 வாக்கில் நிறுவிய துறைதான் பெரனிகே.

யானை ஏற்றுவதற்கென்றே தனிக் கப்பல்கள் கட்டினார்கள். பாரம் மிகுந்தவை; ஆழமில்லாத, பவளப்பாறை நிறைந்த கடலில் அவற்றை ஓட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. பெரனிகேவுக்கு வந்துகொண்டிருந்த யானைக் கப்பல் ஒன்று மூழ்கியதைச் சொல்லும் கி.மு. 224-ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) கடிதம் இன்றும் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தும் கி.மு. 217-ல் ராஃபியா போர்க்களத்தில் ஆப்பிரிக்க யானைகள் இந்திய யானைகளின் எதிரே நிற்க மறுத்துப் பின்வாங்கின என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார்.

கப்பல் இன்னும் வடக்கே போய் சூயஸ் பக்கம் இறக்கியிருக்கலாமே? ஏன் பாதி வழியிலேயே நிறுத்தணும்?

நல்ல கேள்வி. விடை காற்றில் இருக்கிறது. செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுக்க வாடை அடித்துக்கொண்டே இருக்கும். தெற்கேயிருந்து பாய் விரித்து வரும் கப்பலுக்கு அது எதிர்க்காற்று. குளிர்காலத்தில் தென்பாதியில் மட்டும் காற்று தெற்கிலிருந்து வடக்கே வீசும். அதன் உதவியோடு பெரனிகேவை நெருங்கிவிடலாம். அதற்கு மேல் வடக்கே போவதென்றால் வாரக்கணக்கில் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அதைவிடச் சரக்கை இறக்கி ஒட்டகத்தில் ஏற்றிப் பாலையைக் கடப்பதே மேல் என்று முடிவு செய்தார்கள். நைல் கரையிலுள்ள கோப்டோஸ் வரை 257 ரோம மைல், 12 நாள் பயணம். வெயிலுக்குப் பயந்து இரவில் நடந்து பகலில் நிலையங்களில் தங்குவார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கோப்டோஸிலிருந்து படகில் அலெக்சாந்திரியா, அங்கிருந்து ரோம்.

குடிக்கத் தண்ணி?

இந்த ஊரின் கதையே அதுதான் என்பேன். தாலமி காலக் கோட்டையின் வாயிலுக்குள்ளேயே ஒரு கிணறு இருந்தது, நன்னீர் ஊறியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அது வறண்டு மணல் மூடியிருக்கிறது. கி.மு. 209 வாக்கில் நடந்த ஓர் எரிமலை வெடிப்பு மழையைக் குலைத்துப் பல ஆண்டு வறட்சியைக் கொண்டுவந்ததே காரணம் என்று 2021-ல் வெளியான ஆய்வு வாதிடுகிறது. ஊர் சில காலம் கைவிடப்பட்டு, பிறகு மீண்டும் உயிர்பெற்றது.

ரோமர் காலத்தில் தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்தது. எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் கோட்டை கட்டி, உள்ளே பெருங்கிணறு வெட்டி, காவல் போட்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு தண்ணீர் போயிற்று என்ற கணக்கு பானை ஓடுகளில் மையால் எழுதப்பட்டுக் குப்பைமேட்டிலிருந்து கிடைத்திருக்கிறது. முத்தும் மிளகும் இறங்கிய துறையில் குடிநீருக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்ப போனா கண்ணுல என்ன தெரியும்? தூண், கோபுரம் ஏதாவது?

உயர்ந்து நிற்பது எதுவும் இல்லை. மணல்மேடுகள், அவற்றில் சுவர்களின் அடி வரிசைகள், காலில் இடறும் பானை ஓடுகள். செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் எனப்படும் கற்கோயிலின் மிச்சம் இருக்கிறது. ஒரு காலத்தில் தெருவுக்குப் பக்கத்திலிருந்த கடல், வண்டல் சேர்ந்து துறை தூர்ந்துபோனதால் இன்று சற்றுத் தள்ளி நிற்கிறது.

வீட்டுச் சுவர்களை உற்றுப் பார்த்தால் அவை கருங்கல்லோ செங்கல்லோ அல்ல. கடலோரத்தில் கிடைத்த காய்ந்த பவளப்பாறைத் துண்டுகளை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நடுவே மரத்துண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் தேக்கு. எகிப்தில் தேக்கு விளையாது. உடைத்துப் பிரித்த கப்பல்களின் பலகைகளை வீட்டுச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

இதை யார் கண்டுபிடிச்சது?

1818-ல் இத்தாலியரான பெல்சோனி அந்த இடத்தை அடையாளம் கண்டார். மண்வெட்டி கொண்டுபோக மறந்துவிட்டதால், உடன் வந்த உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் பெரிய கடற்சிப்பியால் கோயிலுக்குள் மணலைத் தோண்டினான். முறையான அகழாய்வு 1994-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சைட்பாதம், நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லெக்கே வென்ட்ரிக் ஆகியோர் தலைமையில் தொடங்கி 2001 வரை நடந்தது. 2009 முதல் போலந்து ஆய்வாளர்களும் சேர்ந்து தொடர்கிறார்கள். அகழ்ந்தது ஊரின் சிறு பகுதிதான்.

பானை நிறைய மிளகு கிடைச்சதுன்னு சொல்றாங்களே, உண்மையா, கதையா?

உண்மை. 1999-ல் செராபிஸ் கோயில் முற்றத்தின் தரையில் புதைந்திருந்த, இந்தியாவில் வனைந்த ஒரு பெரிய சாடியில் 7.55 கிலோ கருமிளகு இருந்தது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. ரோம உலகில் ஓர் அகழாய்வில் இவ்வளவு மிளகு ஓரிடத்தில் கிடைத்தது வேறெங்கும் இல்லை.

அதன் மதிப்பை என் மாணவர்களுக்கு ஒரு கணக்காகவே கொடுப்பேன். கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ் (ரோம வெள்ளிக் காசு) என்கிறார் பிளினி. ரோம ராத்தல் சுமார் 327 கிராம். ஆக அந்தச் சாடியில் ஏறக்குறைய 23 ராத்தல், 92 தினாரியஸ். அக்காலத்தில் ஒரு ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ். அவன் ஐந்து மாதம் வாளேந்தி நின்றால் அந்த ஒரு சாடியை வாங்கலாம்! சொந்த நாட்டில் காட்டில் தானாக விளைவதைப் பொன்னும் வெள்ளியும் போல எடை போட்டு வாங்குகிறோமே என்று பிளினி புலம்பியிருப்பதில் வியப்பில்லை.

மிளகு மட்டும்தானா?

தேங்காய், அரிசி, பாசிப்பயறு, நெல்லிக்காய், குன்றிமணி, மூங்கில் என்று நீள்கிறது பட்டியல். பாலையின் வறட்சியால் இவை மக்காமல் நின்றன. இந்தியப் பருத்தித் துணிகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சில கப்பல் பாயின் கிழிசல்கள். எகிப்தில் நூலை முறுக்கும் திசை வேறு, இந்தியாவில் வேறு என்பதால் துணி எந்த ஊருடையது என்று நூலைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். மற்றப் பொருள்களைவிட இந்தப் பாய்க் கிழிசல்தான் என் மனத்தில் நிற்கிறது.

அங்க தமிழ்க் கல்வெட்டு இருக்காமே?

கல்வெட்டு இல்லை, பானை ஓடு. இந்தத் திருத்தத்தை எத்தனை முறை செய்திருப்பேனோ தெரியாது. 1990-களின் அகழாய்வில், தமிழ் பிராமி எழுத்து கீறிய ஓடு ஒன்று முதல் நூற்றாண்டு அடுக்கில் கிடைத்தது. அதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 'கொற்றபூமான்' என்று படித்தார். கொற்றன் என்ற பெயர் அதில் இருக்கிறது.

ஓடு என்பதால் மதிப்புக் குறைந்துவிடவில்லை. கல்வெட்டு வெட்ட அரசனோ செல்வரோ வேண்டும். பானையில் பெயர் கீறச் சரக்குக்கு உரியவன் போதும். நம் பக்கத்தில் கொடுமணல், அரிக்கமேடு போன்ற இடங்களில் கிடைப்பதும் இதே பழக்கம்தான்.

கொற்றன்னா சங்க இலக்கியத்துல வர்ற பிட்டங்கொற்றன்தானே? சேர மன்னனோட ஆளு?

அப்படிச் சொல்ல ஓடு இடம் கொடுக்கவில்லை. பிட்டங்கொற்றன் புறநானூற்றில் பாடப்பட்ட குதிரைமலைத் தலைவன். ஆனால் 'கொற்றன்' அக்காலத்தில் பலருக்கு இருந்த பெயர். நம் தெருவில் எத்தனை முருகன்கள் இருக்கிறார்களோ அப்படி. 'பூமான்' தலைவன் என்ற பொருளில் வருவதால் ஆள் மதிப்புள்ளவன் என்று கொள்ளலாம். பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து ஒரு குறுநிலத் தலைவனைக் கப்பலேற்றி அனுப்புவது சரியல்ல. கைபேசியில் சுற்றும் படங்களில் 'எகிப்தை ஆண்ட தமிழன்' என்று எழுதியிருந்தால், அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பொய்யான பெருமை, அந்த ஓட்டிலிருக்கும் உண்மையான பெருமையை மறைத்துவிடும்.

'பானை உறி'ன்னு எழுதின ஓடும் இங்கதான் கிடைச்சுதா?

அது பெரனிகேவில் அல்ல. அதே கரையில் வடக்கே உள்ள குசைர் அல்-காதிமில் கிடைத்தது. பழைய கிரேக்க நூல்கள் சொல்லும் மியோஸ் ஹார்மோஸ் துறைமுகம் அதுதான் என்று 1999 முதல் 2003 வரை நடந்த அகழாய்வு உறுதிசெய்தது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சாடி ஓட்டின் இரு பக்கமும் 'பானை ஒறி' என்று கீறியிருக்கிறது. உறியில் தொங்கவிட்ட பானை. உறி இன்னும் சில வீடுகளில் அடுக்களையில் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதே இடத்தில், முன்பு நடந்த அகழாய்வில் கணன், சாதன் என்ற பெயர்கள் எழுதிய ஓடுகளும் கிடைத்தன. செய்திகளில் இரண்டு ஊரையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். கொற்றன் பெரனிகே, கணனும் சாதனும் பானை உறியும் குசைர்.

சரி, சரக்கு வந்துச்சு. ஆளுங்க வந்தாங்களா? தங்கினாங்களா?

ஆட்கள் தங்கினார்கள் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், நானும் ஏற்கிறேன். காரணம், எழுத்தைவிடச் சமையல் பாத்திரம். ஏற்றுமதிச் சாடிகள் மட்டும் வந்திருந்தால் சரக்கு என்று விட்டுவிடலாம். சாதாரண இந்தியச் சட்டிகளும் கிடைக்கின்றன. அவற்றை விற்பதற்காக யாரும் கடல் கடந்து கொண்டுவர மாட்டார்கள். தன் கைப்பழக்கத்துக்குச் சமைக்கத்தான் கொண்டுவந்திருப்பார்கள். மேலே சொன்ன அரிசியும் பயறும் அந்தச் சட்டிகளுக்கானவை என்று நினைக்கத் தோன்றுகிறது.

காற்றும் அதையே சொல்கிறது. இந்தியக் கரையிலிருந்து டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கிளம்பிய கப்பல் இளவேனிலில் பெரனிகேவைத் தொடும். திரும்பும் காற்று ஜூலையில்தான். இடையே மூன்று நான்கு மாதம் அந்த வெயிலில், காசுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

பருவக்காற்றைக் கண்டுபிடிச்சது ஹிப்பாலஸ்னு எங்க புத்தகத்துல இருந்துச்சே?

பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. நானும் அப்படியே நடத்தியிருக்கிறேன். கரையோரமாகப் போகாமல் நடுக்கடலைக் குறுக்கே வெட்டிப் போகும் வழியைக் கண்டவர் ஹிப்பாலஸ் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் கையேடு சொல்வது உண்மை. ஆனால் அது கிரேக்கர்கள் கற்றுக்கொண்ட செய்தி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கடல் பக்கம் கப்பல் உடைந்து தப்பிய இந்திய மாலுமி ஒருவர் வழிகாட்ட யூடாக்ஸஸ் என்ற கிரேக்கர் இந்தியா போய்வந்ததாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவே எழுதியிருக்கிறார். வழி தெரிந்தவர் அந்த மாலுமி.

இங்கே, கரிகாலனின் முன்னோரைப் பாடும்போது வெண்ணிக்குயத்தியார் 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். காற்றை வேலை வாங்கியவன். கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் காற்றின் முறை தெரியாமலா இருந்திருக்கும்?

'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்'னு அகநானூறு சொல்ற கப்பல் இங்க இருந்து வந்ததுதானா?

எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய 149-ஆம் பாட்டு அது. யவனரின் நன்கலம் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது. எகிப்திலிருந்து இந்தியா போகும் கப்பல்களுக்குப் பெரிய துறைகள் மியோஸ் ஹார்மோஸும் பெரனிகேவும்தான். ஆகவே அந்தக் கலங்களில் பல பெரனிகேவிலிருந்து வந்தன என்பது உறுதி. பாட்டில் வரும் 'கறி' மேலே சொன்ன சாடிக்குள் இருக்கிறது.

வழியையும் பிளினி நாள் கணக்கோடு தருகிறார். கோடையின் நடுவில் கிளம்பி, அரபிக் கரையின் ஒகேலிஸுக்கு 30 நாள். அங்கிருந்து முசிறிக்கு 40 நாள். முசிறியில் கப்பல் கரையிலிருந்து வெகுதூரம் நிற்க வேண்டும், பக்கத்தில் கடற்கொள்ளையரும் உண்டு, அதனால் பாண்டியர் ஆட்சியிலுள்ள நெல்சிண்டா துறையே நல்லது என்கிறார். அங்கே மிளகு ஒற்றை மரத்தில் குடைந்த தோணிகளில் வருமாம். பெரிப்ளஸ் முசிறிக்கு இறங்கும் சரக்குகளைச் சொல்லும்போது காசு, செம்பு, ஈயம், கண்ணாடி, பவளம், கொஞ்சம் மதுவோடு மஞ்சள் பச்சைக் கல் ஒன்றையும் சேர்க்கிறது. அந்தக் கல்லை எடுத்த தீவு பெரனிகேவுக்கு எதிரே கடலில்தான் இருக்கிறது.

ரோமே இந்தியாகிட்ட காசு கொடுத்துத் திவாலாச்சுன்னு சொல்றாங்களே?

ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸுக்கு (இதுவும் ரோமக் காசுதான்) குறையாமல் இந்தியா உறிஞ்சுகிறது என்று பிளினி எழுதியதிலிருந்து வளர்ந்த பேச்சு அது. ஆடம்பரத்தைக் கண்டிக்க எழுதியவர் அவர். மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை: எல்லையில் நுழையும் சரக்குக்கு ரோம அரசு நூற்றுக்கு 25 வரி வசூலித்தது.

வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ் இதற்கு நல்ல சாட்சி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒப்பந்தம். முசிறியிலிருந்து வந்த ஹெர்மபொலோன் என்ற கப்பலின் சரக்கைப் பாலை வழியே கோப்டோஸுக்கும் பிறகு அலெக்சாந்திரியாவுக்கும் கொண்டுபோவது, கால் பங்கு வரி எடுப்பது எல்லாம் அதில் உள்ளன. ஒரே கப்பலின் சரக்கு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். ஸ்ட்ராபோ காலத்தில் மியோஸ் ஹார்மோஸிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் போயின. இந்த வணிகத்தால் ரோமக் கருவூலம் நிறைந்ததே தவிர, காலியாகவில்லை.

புத்தர் சிலை கிடைச்சுதாமே? அப்ப எகிப்துல பௌத்தம் பரவி இருந்துச்சா?

2022-ல் எகிப்தியப் பெண் தெய்வமான ஐசிஸின் கோயில் முற்றத்தில் கிடைத்தது, 71 செ.மீ. உயரம், சலவைக்கல், தலைக்குப் பின்னால் ஒளிக்கதிர், பக்கத்தில் தாமரை. கல் மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்தது. ஆகவே இந்தியாவில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தது அல்ல. எகிப்தில் யாரோ சொல்லிச் செய்வித்தது. அதுதான் எனக்குப் பெரிய செய்தி. அங்கேயே காலூன்றிய இந்தியர் ஒருவர் இருந்தார், கோயிலுக்குச் சிலை வைக்கும் அளவுக்கு வசதியோடு இருந்தார்.

ரோமப் பேரரசர் பிலிப் காலத்தில், கி.பி. 248-ல், சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் வெட்டிய கல்லும் அதே கோயிலில் கிடைத்தது. கண்ணன், பலராமன், ஏகானம்சை என்று அடையாளம் காணப்பட்ட சிறு கற்பலகையும் உண்டு. இதை வைத்து எகிப்தில் பௌத்தம் பரவியது என்று சொல்ல முடியாது. ஐசிஸ் கோயிலில் செராபிஸை வணங்கியவர்களும், சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த வில்லாளிகளும், இந்திய வணிகரும் ஒரே ஊரில் தம் தெய்வங்களுக்கு இடம் தேடிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

பூனைகளுக்குச் சுடுகாடு இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். பலி கொடுத்ததா?

பலி அல்ல, வளர்ப்பு. கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் புதைத்த 585 விலங்குகள்: 536 பூனை, 32 நாய், 15 குரங்கு, ஒரு நரி, ஒரு வல்லூறு. கொன்றதற்கான அடையாளம் இல்லை. எகிப்தியக் கோயில்களில் போல மம்மியாக்கவும் இல்லை. சிலவற்றின் கழுத்தில் பட்டையும் மணியும் கிடந்தன. பல்லெல்லாம் போன கிழ நாய்க்கும் யாரோ மெல்லிய உணவு கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். குரங்குகளில் இந்தியாவிலிருந்து போனவையும் உண்டு. மனிதருக்கே தண்ணீர் அளந்து கொடுத்த ஊர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

எல்லாம் ரோமர், கிரேக்கர், இந்தியர்னே சொல்றீங்களே. ஆப்பிரிக்கர்கள் எங்க?

இதை ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். கேட்டதற்கு நன்றி சொன்னேன். பாலையின் வழியும் நீர்க்குழியும் ஒட்டகமும் அந்த மண்ணின் மக்கள் கையில் இருந்தன. அவர்கள் இல்லாமல் கோப்டோஸ் வரையிலான அந்தப் பன்னிரண்டு நாளை ஒரு சரக்கும் தாண்டியிருக்காது. நான்காம் நூற்றாண்டு முதல் ரோமர் பிடி தளர்ந்தபோது, பிளெம்மியர் என்ற உள்நாட்டு மக்கள் ஊரிலேயே செல்வாக்கு பெற்றார்கள்.

அந்தக் காலத்துச் சிறு கோயில் ஒன்றில் 15 வல்லூறுகள், பெரும்பாலும் தலையில்லாமல், பீடத்தைச் சுற்றிக் கிடந்தன. 'இங்கே தலையைக் கொதிக்க வைப்பது தகாது' என்று கிரேக்கத்தில் எழுதிய கல்லும் அங்கே இருந்தது. எகிப்திய வழக்கமும் உள்ளூர் வழக்கமும் கலந்த வழிபாடு. இன்று அதே மண்ணில் வாழும் அபாப்தா மக்கள்தான் அகழாய்வில் வேலை செய்கிறார்கள்.

அப்புறம் ஊர் எப்படி அழிஞ்சுது? போரா, சுனாமியா?

எரிந்த அடுக்கோ கொள்ளையின் அடையாளமோ இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் தளர்ந்து, நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளில் மறுபடி தலையெடுத்தது. அப்போது இலங்கையின் மணிகளும் தென்கிழக்கு ஆசிய மணிகளும் வந்தன, ஒரு கிறித்தவக் கோயிலும் எழுந்தது. அதற்குள் தெற்கே அக்சும் அரசும் அதன் துறையான அதூலிஸும் இந்திய வணிகத்தைத் தம் பக்கம் இழுத்துவிட்டன. துறையும் தூர்ந்தது. ஆறாம் நூற்றாண்டின் நடுவுக்குள் கடைசி ஆட்களும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

நாங்க போய்ப் பார்க்க முடியுமா?

சுற்றுலாவுக்கு ஏற்ற இடம் அல்ல. எல்லைப் பகுதி, பக்கத்தில் படைத்தளம்; எகிப்து அரசின் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. போனாலும் முன்பே சொன்னதுபோல் மேடும் ஓடும்தான். ஓடு எதையும் கையில் எடுக்காதீர்கள். கொற்றன் ஓடும் அப்படி ஓர் ஓடாகத்தான் கிடந்தது.

அரசர், வணிகர் விடுங்க. சாதாரணமா அங்க வாழ்ந்த ஒரு ஆளையாவது நமக்குத் தெரியுமா?

தெரியும். முதல் நூற்றாண்டுக் குப்பைமேட்டில் கழுதை விற்ற ரசீதே கிடைத்திருக்கிறது. நான் சொல்ல விரும்புவது ஒரு தாயைப் பற்றி. பெயர் ஹிகானே. மகன் இசிடோரஸ் பெரனிகேவில் இருந்தான். அவள் கிரேக்கத்தில் எழுதிய கடிதத்தின் துண்டு அந்த மேட்டிலிருந்து வெளிவந்தது. தான் கடிதம் எழுதியும் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று கேட்கிறாள்: கடிதம் எழுதி என்னை நினைக்கக்கூட முடியாத பிள்ளையாக நீ ஆவதற்குத்தானா, உன்னைப் பத்து மாதம் சுமந்தேன், மூன்று ஆண்டு பால் கொடுத்தேன்?

கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் முன்வரிசைப் பாட்டிகள் யாராவது ஒருவர், "எங்கிட்டயும் பத்து மாசம்தான்" என்று சொல்லிவிடுகிறார்.